கோப்பைத் தேடிய கதை: பேரேடு முதல் டெஸ்க்டாப் தேடல் வரை

கணினி வாங்கிய முதல் மாதத்தில் எல்லாக் கோப்புகளும் அதனதன் இடத்தில்தான் இருக்கும். டி டிரைவில் 'பாடம்', 'பாட்டு', 'படம்' என்று மூன்றே மூன்று கோப்புறைகள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', அதற்குள் 'ஃபைனல்', அதற்கும் உள்ளே 'ஃபைனல் நியூ'... வேண்டிய கோப்பு மட்டும் எங்கே என்று தெரியாது!

ஒரு பொருளைத் தேடி எடுக்க இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, அதை வைத்த இடத்தை நினைவில் வைத்திருப்பது. இன்னொன்று, அதன் பெயரையோ அதில் உள்ள ஒரு சொல்லையோ நினைவில் வைத்திருந்து, "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்பது. கணினியில் கோப்பு தேடுவதன் வரலாறு முதல் வழியிலிருந்து இரண்டாவது வழிக்கு மாறிய வரலாறுதான்.

ஆனால் தமிழில் ஆவணங்கள் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயணம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது எனலாம். அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள 'திருப்பத்தூர்' என்ற ஊர்ப் பெயர் ஒன்றே போதும். அதற்கு முன், தேடல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

குறிப்பேடும் பேரேடும்

வணிகவியல் மாணவர்களுக்கு இது பழகிய விஷயம். கடையில் நடக்கும் நடவடிக்கைகள் முதலில் குறிப்பேட்டில் தேதி வாரியாகப் பதியப்படும். ஜூன் 3-ல் தோல் வாங்கியது, அதே நாளில் வாடகை கொடுத்தது, ஜூன் 4-ல் ரொக்கம் வந்தது என்று வரிசையாகப் போகும். "இந்த ஆண்டு வாடகை மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்ட வேண்டும்.

அதனால்தான் பேரேடு. குறிப்பேட்டில் உள்ள ஒவ்வொரு பதிவும் அதனதன் கணக்கின் கீழ் எடுத்தெழுதப்படுகிறது. வாடகைக் கணக்கைத் திறந்தால் வாடகை முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும். குறிப்பேட்டில் பேரேட்டுப் பக்க எண் என்று ஒரு பத்தி வேறு இருக்கிறது. பேரேட்டின் முன்பக்கத்தில் எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் ஒரு பட்டியலும் வைப்பார்கள். 1494-ல் வெனிஸ் நகரில் அச்சான தன் நூலில் லூகா பாசியோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கியபோதே, பேரேட்டுக்கு இப்படி ஓர் அகர வரிசைப் பட்டியல் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

தேடுபொறி செய்வதும் இதையேதான். கோப்புகள் குறிப்பேடு மாதிரி. ஒவ்வொரு கோப்பையும் முன்கூட்டியே படித்து, அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கணக்கு திறந்து, "இந்தச் சொல் இந்த இந்தக் கோப்புகளில் வருகிறது" என்று எடுத்தெழுதி வைக்கிறது. இதற்குப் பெயர் அட்டவணை. ஆங்கிலத்தில் பேரேட்டில் எடுத்தெழுதுவதை 'போஸ்டிங்' என்பார்கள். தேடுபொறி பொறியாளர்களும் தங்கள் அட்டவணைப் பதிவை 'போஸ்டிங்' என்றுதான் அழைக்கிறார்கள்!

ஆக, தேடல் வேகமாக இருப்பதற்குக் காரணம் கணினி வேகமாகத் தேடுவது அல்ல. கேட்பதற்கு முன்பே தேடி முடித்து வைத்திருப்பதுதான்.

சீர்காழியிலிருந்து ஒரு நூலகர்

வைத்த இடத்தை வைத்துத் தேடுவதில் உள்ள சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் நூலகர்கள். "தென்னிந்தியத் தோல் தொழிலின் வரலாறு" என்று ஒரு புத்தகம் இருந்தால் அதை எந்த அலமாரியில் வைப்பது? வரலாற்றிலா, தொழில்நுட்பத்திலா, வணிகத்திலா? புத்தகம் ஒன்று. அலமாரியில் அதற்கு இடமும் ஒன்றுதான். ஆனால் அதைத் தேடி வருகிறவர்களின் எண்ணமோ பலவிதம்.

இந்தச் சிக்கலைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் ஒரு தமிழர். 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. 1933-ல் 'கோலன் பகுப்பு முறை'யை வெளியிட்டார். ஒரு புத்தகத்தை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் அதன் பொருள், இடம், காலம் என்று பல முகங்களாகப் பிரித்து, அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஓர் எண் கொடுப்பது அந்த முறை.

கணினியின் கோப்புறை என்பது ரங்கநாதனுக்கு முந்தைய அலமாரியை அப்படியே காப்பியடித்தது. ஒரு கோப்பு, ஒரு கோப்புறை. ஒரே கடிதத்தை ஆண்டு வாரியாகவும் ஆள் வாரியாகவும் சரக்கு வாரியாகவும் வைக்க வழியில்லை. அந்த அலமாரியிலிருந்து வெளியே வரக் கணினி உலகத்துக்குப் பல வருடங்கள் பிடித்தன.

எட்டு எழுத்துப் பெயர்கள்

டாஸ் காலத்தில் கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, அதன் வகைக்கு மூன்று எழுத்து, அவ்வளவுதான் அனுமதி. அந்த எட்டு எழுத்துக்குள் ஊரையும் ஆண்டையும் விஷயத்தையும் அடக்க வேண்டும். எழுதியவருக்கே மறுவாரம் புரியாது. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 நீளமான பெயர்களை அனுமதித்தது. ஸ்டார்ட் மெனுவில் 'ஃபைண்ட்' என்ற வசதியும் வந்தது. ஆனால் அந்தத் தேடல் ஒவ்வொரு முறையும் வன்தட்டை முதலிலிருந்து புரட்டும். குறிப்பேட்டைப் புரட்டுவது போலத்தான்! டீ குடித்துவிட்டு வரலாம்.

யூனிக்ஸ் உலகத்தில் இதற்கு முன்பே வழி கண்டுபிடித்திருந்தார்கள். அங்கே 'ஃபைண்ட்' என்ற கட்டளை ஒவ்வொரு கோப்புறையாக ஏறி இறங்கும். 1983-ல் ஜேம்ஸ் வுட்ஸ் என்பவர் வேறு மாதிரி யோசித்தார். கோப்புப் பெயர்களின் பட்டியலை முன்கூட்டியே சுருக்கி எழுதி வைத்துக்கொண்டு, கேட்கும்போது அந்தப் பட்டியலில் மட்டும் தேடினால் போதும் அல்லவா? அந்த வழியில் வந்ததுதான் 'லொகேட்' கட்டளை. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்றும் அது பழக்கம்.

ஆனால் இது பெயரை மட்டுமே தேடும். கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. 1989-ல் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட 'மெகல்லன்' என்ற டாஸ் மென்பொருள் கோப்பின் உள்ளடக்கத்துக்கும் அட்டவணை போட்டது. 1998-ல் மேக் ஓஎஸ் 8.5-உடன் வந்த ஆப்பிளின் 'ஷெர்லாக்'கும் அதைச் செய்தது. இவை எல்லாம் ஆங்காங்கே சிலர் பயன்படுத்தியவை. பொதுமக்களிடம் போகவில்லை.

2004: திடீர்ப் போட்டி

2004 வாக்கில் ஒரு வேடிக்கையான நிலைமை. உலகம் முழுவதும் இருக்கும் வலைப்பக்கங்களில் ஒரு சொல்லைக் கூகுள் அரை நொடியில் தேடிக் கொடுக்கிறது. மேசை மேல் இருக்கும் சொந்தக் கணினியில் ஒரு கடிதத்தைத் தேடப் பத்து நிமிடம் ஆகிறது! தூரத்தில் இருப்பது கிடைக்கிறது, கையருகில் இருப்பது கிடைக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் இதற்குப் பெரிய தீர்வு ஒன்றை யோசித்து வைத்திருந்தது. 'வின்எஃப்எஸ்' என்ற பெயரில், கோப்புகளையே ஒரு தரவுத்தளம் போல வைக்கும் திட்டம் அது. 2003-ல் அறிவித்தார்கள். 2004 ஆகஸ்டில், அடுத்த விண்டோஸில் அது வராது என்று சொல்லிவிட்டார்கள். 2006-ல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அந்த இடைவெளியில் புகுந்தது கூகுள். 2004 அக்டோபர் 14 அன்று 'கூகுள் டெஸ்க்டாப்' சோதனைப் பதிப்பு வெளிவந்தது. கணினி சும்மா இருக்கும் நேரத்தில் மின்னஞ்சல், வேர்ட் கோப்பு, பார்த்த வலைப்பக்கம் எல்லாவற்றையும் படித்து அட்டவணை போட்டுக்கொள்ளும். தேடினால் பிரவுசரிலேயே பதில் வரும். அடுத்து டிசம்பரில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தேடல், 2005 ஜனவரியில் யாஹூ, ஏப்ரல் 29 அன்று மேக் ஓஎஸ் 10.4-உடன் ஆப்பிளின் 'ஸ்பாட்லைட்' என்று ஆறே மாதத்தில் களம் நிரம்பிவிட்டது.

வசதி வந்தால் வில்லங்கமும் கூட வரும். கூகுள் டெஸ்க்டாப் தான் படித்த கோப்பின் நகலையும் வைத்துக்கொள்ளும். வீட்டுக் கணினிக்கு அது நல்லது. தவறுதலாக அழித்த கட்டுரையைக் கூட மீட்கலாம். ஆனால் பலர் வந்து போகும் ப்ரவுசிங் சென்டரில்? முன்னால் உட்கார்ந்திருந்தவர் படித்த மின்னஞ்சலைப் பின்னால் வருகிறவர் தேடி எடுத்துவிட முடியும். 2004 டிசம்பரில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடிக்க, கூகுள் அதை அடைத்தது. 2006 பிப்ரவரியில் வந்த மூன்றாம் பதிப்பு, ஒரு கணினியில் இருப்பதை இன்னொன்றிலிருந்து தேடுவதற்காகக் கோப்பின் நகலைக் கூகுளின் சர்வருக்கே அனுப்பும் வசதியைக் கொடுத்தது. அந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மின்னணு உரிமைகளுக்கான அமெரிக்க அமைப்பு ஒன்று எச்சரித்தது.

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு வந்தபோது தேடல் பெட்டி ஸ்டார்ட் மெனுவிலேயே உட்கார்ந்துவிட்டது. இது போட்டியைக் கெடுக்கிறது என்று கூகுள் முறையிட, அதே ஆண்டு ஜூனில் சில மாற்றங்கள் செய்ய மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. ஆனாலும் இயங்குதளத்திலேயே இலவசமாக இருப்பதைத் தனியாக யார் நிறுவுவார்கள்? 2011 செப்டம்பரில் கூகுள் டெஸ்க்டாப் நிறுத்தப்பட்டது. போட்டியைத் தொடங்கி வைத்த மென்பொருள் மறைந்துபோனது. அது பழக்கிவிட்ட பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

கூப்பிட்டால் வரும் புரோகிராம்

இதன் இன்னொரு பக்கம், புரோகிராம்களைத் திறப்பது. ஸ்டார்ட், புரோகிராம்ஸ், அக்செசரீஸ், கால்குலேட்டர் என்று நான்கு படி இறங்குவதற்குப் பதில், பெயரின் இரண்டு எழுத்தை அடித்தால் போதாதா? 1990-களின் நடுவில் நெக்ஸ்ட்ஸ்டெப் கணினிகளில் பிறந்த 'லான்ச்பார்' இதைத்தான் செய்தது. 2003-ல் மேக் கணினிக்கு 'குவிக்சில்வர்' வந்தது. விண்டோஸில் 'லான்ச்சி' பிரபலமானது. ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். இரண்டு எழுத்து, ஒரு என்டர், முடிந்தது. கூகுள் டெஸ்க்டாப்பிலும் கன்ட்ரோல் விசையை இரண்டு முறை தட்டினால் இப்படி ஒரு பெட்டி வரும்.

கோப்புப் பெயருக்கு 2008-ல் வந்த 'எவ்ரிதிங்' இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு கோப்புறையாகப் போகாமல், விண்டோஸ் தன் வசம் வைத்திருக்கும் கோப்புப் பதிவேட்டையே நேரடியாகப் படித்துவிடும். லட்சக்கணக்கான கோப்புகளின் பட்டியல் சில நொடிகளில் தயார்.

சரி, இவ்வளவு கருவிகள் வந்தும் தமிழ்க் கோப்பு ஏன் அகப்படவில்லை?

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

1990-களிலும் 2000-களிலும் டிடிபி மையங்களில் அடித்த கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், ஆய்வேடு, சங்கத் தீர்மானம் எல்லாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. இவை உண்மையில் ஆங்கில எழுத்துருக்கள். ஆங்கில எழுத்தின் படத்தை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்தின் படத்தை அந்த இடத்தில் வைத்திருப்பார்கள். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் படித்தவர்களின் விரல்களுக்குப் பழகிய அதே தட்டச்சுப் பலகை வரிசையில் அடிக்கலாம் என்பது அதன் பெரிய வசதி.

ஆனால் கணினிக்குள் போய்ச் சேருவது தமிழ் அல்ல. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை! திரையில் 'தமிழ்' என்று தெரிவது படம் மட்டுமே. தேடுபொறி படத்தைப் படிப்பதில்லை, உள்ளே சேமித்திருப்பதைத்தான் படிக்கிறது. அரைப்புள்ளியைக் கண்டால் சொல் முடிந்துவிட்டது என்று வேறு நினைத்துக்கொள்ளும்.

இன்னொரு கூத்தும் உண்டு. பாமினியில் சிறிய எஃப் என்றால் 'க', பெரிய எஃப் என்றால் 'கு'. தேடுபொறிகள் பொதுவாக ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. ஆகவே அதன் கண்ணுக்குக் 'கடை'யும் 'குடை'யும் ஒன்றுதான்! குடை வாங்கிய ரசீதைத் தேடினால் கடை வாடகை ரசீது வந்து நிற்கும்.

இப்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. இதை ஒழுங்குபடுத்த 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தாம், தாப் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. இணையத்தில் திஸ்கி என்ற குறியீடு புழங்கியது. தமிழுக்குத் தனி இடம் தந்த யுனிகோட் 1991-லிருந்தே இருந்தாலும், விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துரு வந்த பிறகுதான் சாதாரணக் கணினிக்கு அது எட்டியது. எக்ஸ்பி-யில் கூட அதற்கான வசதியைத் தேடிப் பிடித்து இயக்க வேண்டியிருந்தது. 2010 ஜூனில்தான் தமிழக அரசு யுனிகோடைத் தன் அதிகாரபூர்வத் தரமாக ஏற்று ஆணையிட்டது. அச்சு வேலைகளுக்கு டேஸ் 16 என்ற குறியீட்டையும் கூடவே ஏற்றது.

கூகுள் டெஸ்க்டாப் வந்தது 2004. அரசாணை வந்தது 2010. டெஸ்க்டாப் தேடலின் பொற்காலம் முழுவதும் தமிழ்க் கோப்புகளில் பெரும்பகுதி ஜேகேபிஓ-வாகவே கிடந்தது என்பதுதான் இதன் பொருள்.

ஒரே ஊர், எத்தனை திருப்பத்தூர்?

யுனிகோடுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? பழைய எழுத்துருவிலிருந்து மாற்றுவதற்கு சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம் கன்வெர்ட்டர் என்று நல்ல கருவிகள் வந்தன. ஆனால் மாற்றும் வேலை எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கவில்லை.

'திருப்பத்தூர்' என்ற பெயரைப் பாருங்கள். நம் கணக்கில் ஏழு எழுத்து. யுனிகோடில் மெய், உயிர்க்குறி, புள்ளி என்று பிரித்து 13 குறிகள். பழைய தட்டச்சுப் பழக்கத்தில் 'தூ' என்பது 'து' அடித்து அதன் பின் ஒரு வாலை ஒட்டுவது. சரியாக எழுதாத மாற்றி அந்த வாலைத் துணைக்கால் என்று எடுத்துக்கொள்ளும். விளைவு, 'திருப்பத்துார்'. உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கடைசி 'ர்' எழுத்திலும் இதே கதை. துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்து 'ர்' ஆக்கும் பழக்கம் அப்படியே வந்து 'திருப்பத்தூா்' ஆகிவிடும். இந்த இரண்டு பிழைகளையும் இணையச் செய்திப் பக்கங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

கண்ணுக்கு மூன்றும் ஒரே ஊர். கணினிக்கு மூன்றும் வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது.

ஆங்கிலத்தில் தேடலாம் என்றால் அங்கும் நிம்மதி இல்லை. முதல் எழுத்துக்குப் பின் எச் உண்டா இல்லையா, நடுவில் பி ஒன்றா இரண்டா, அடுத்து இரண்டு டி-யா, டி-யும் எச்-சுமா என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசின் ஆணை வெளியானது. விமர்சனம் எழுந்ததும் அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டை ஒழுங்குபடுத்துவது எவ்வளவு சிரமம் என்பதற்கு அதுவே சாட்சி. இத்தனைக்கும் மேல், சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது!

வைத்த இடத்தை வைத்துத் தேடினால்? திருப்பத்தூர் முதலில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911-ல் வட ஆற்காட்டுக்கு வந்தது. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பின்னர் வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28 முதல் ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வட்டங்களுடன் சேர்ந்து தனி மாவட்டம். ஊர் ஓர் அடி கூட நகரவில்லை. அது இருந்த கோப்புறைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

தோல் வேறு, தோலை வேறு

எழுத்துப் பிழையே இல்லாத நல்ல யுனிகோட் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தமிழின் இலக்கணம் குறுக்கே நிற்கிறது.

அட்டவணையில் தேடும் கருவிகள் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தை ஒப்பிடும். 'வாணியம்பாடி' என்று தேடினால் 'வாணியம்பாடியில்', 'வாணியம்பாடிக்கு' எல்லாம் வந்துவிடும். ஆனால் 'ஆம்பூர்' என்று தேடினால் 'ஆம்பூரில்' வராது! ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது 'ர்' என்பதன் புள்ளி போய் அங்கே வேறு குறி வந்துவிடுகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். தேடலில் ஒன்று கிடைக்கிறது, ஒன்று நழுவுகிறது. காரணம், ஒன்று உயிரில் முடிகிறது, மற்றது மெய்யில் முடிகிறது. அவ்வளவுதான்.

இந்தப் பகுதியின் உயிர்நாடியான 'தோல்' என்ற சொல்லும் இப்படித்தான். 'தோல்' என்று தேடினால் 'தோல்கள்' கிடைக்கும். 'தோலை', 'தோலுக்கு', 'தோலின்' கிடைக்காது. புள்ளி வைக்காமல் 'தோல' என்று மட்டும் அடித்தால் பல கருவிகளில் அத்தனையும் கிடைக்கும். இது தெரிந்துகொள்ள வேண்டிய சின்ன உத்தி. ஆனால் 'தோற்பை', 'தோற்பொருள்' அதிலும் வராது. புணர்ச்சி விதி லகரத்தை றகரம் ஆக்கிவிட்டதே! மரம் 'மரத்தை' ஆவதும் இதே மாதிரிதான்.

ஆங்கிலத்துக்காகச் செய்த கருவிக்கு இது தெரியாது. சொல்லின் வேரைக் கண்டுபிடித்து அட்டவணை போட, அந்த மொழியின் இலக்கணம் அதற்குச் சொல்லித் தரப்பட வேண்டும்.

எண்ணுக்கு எழுத்துப் பிழை இல்லை

பெயரை நம்ப முடியாது என்பதை வணிக உலகம் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. ஆம்பூரிலிருந்து ஏற்றுமதியாகும் ஒரு ஜோடி ஷூவுக்குத் தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர், ஜெர்மனியில் இறக்குமதி செய்கிறவரிடம் ஒரு பெயர். பெயரை வைத்து வரி போட்டால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே 1988 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த எச்எஸ் குறியீட்டு முறையில் சரக்குக்கு எண். அத்தியாயம் 41 என்றால் தோல். 42 என்றால் பை, பெல்ட் போன்ற தோல் பொருட்கள். 64 என்றால் காலணி. அதில் 6403 என்றால் மேற்பகுதி தோலால் ஆன காலணி. சென்னைத் துறைமுகத்திலும் ஹாம்பர்க் துறைமுகத்திலும் அதே எண்.

ரங்கநாதன் புத்தகத்துக்கு எண் கொடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். பெயர் ஊருக்கு ஊர் மாறும், எண் மாறாது. தனிமனிதர்களின் கோப்புகளுக்கும் இது பொருந்தும். 'ஃபைனல் நியூ' என்று பெயர் வைப்பதை விட, ஆண்டு, மாதம், பில் எண் ஆகியவற்றைப் பெயரின் தொடக்கத்தில் வைத்தால் எந்தக் கருவியிலும் எழுத்துரு வம்பு இல்லாமல் அகப்படும்.

எடுத்தெழுத வேண்டிய பாக்கி

இன்றைக்கு விண்டோஸிலும் மேக்கிலும் தேடல் பெட்டி பிறவியிலேயே இருக்கிறது. புதிதாக அடிக்கும் தமிழ்க் கோப்புகள் பெரும்பாலும் யுனிகோடில்தான். அதனால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று தோன்றலாம். அப்படி அல்ல.

யுனிகோட் பரவலாவதற்கு முன் சுமார் இருபது ஆண்டு காலம் தமிழில் கணினியில் அடித்தவை இருக்கின்றனவே, அவை என்ன ஆகும்? பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், எம்ஃபில் ஆய்வேடுகள்... இவை அச்சானது நூறு, இருநூறு பிரதிதான் இருக்கும். காகிதம் போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரு சிடியிலோ பழைய வன்தட்டிலோ கிடக்கும் அந்தக் கோப்பு மட்டுமே. எழுத்துருவும் தொலைந்துவிட்டால் கோப்பு திறக்கும், ஆனால் வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். அது என்ன என்று தெரியாதவர்கள் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். ஒரு ஊரின் நினைவு அப்படித்தான் போகும், சத்தமே இல்லாமல்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பழைய கோப்பைத் திறந்து எழுத்துருவின் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு நகலை மட்டும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் பொருளற்ற தமிழாக்கிவிடும், அதைக் கவனிக்க வேண்டும். 'துா', 'ா்' போன்றவற்றை ஒரே கட்டளையில் தேடித் திருத்திவிடலாம். பெயரின் தொடக்கத்தில் ஆண்டைச் சேர்க்க வேண்டும். ஒரு கோப்புக்குப் பத்து நிமிடம் ஆகலாம்.

குறிப்பேட்டில் எழுதியதைப் பேரேட்டில் எடுத்தெழுதாமல் விட்டால் ஆண்டு இறுதியில் கணக்கு முழுமையாக இருக்காது என்பது வணிகவியலில் முதல் பாடம். தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை இருபது வருடக் குறிப்பேடு இன்னும் எடுத்தெழுதப்படாமலேயே இருக்கிறது. அதை அடித்தவர்களும், எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று சொல்லக்கூடியவர்களும் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.